வார்டில் ஒரு கால் சிவந்தால்

கேஸ் ஷீட்டில் “வலது கால் செல்லுலைட்டிஸ், ஆன்டிபயாட்டிக் தொடரவும்” என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அதன் பிறகு போர்வையை விலக்கி அந்தக் காலைப் பார்ப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். செல்லுலைட்டிஸ் என்றால் தோலிலும் அதன் அடித்திசுவிலும் வரும் கிருமித் தொற்று. ரவுண்ட்ஸில் சுகரைப் பார்ப்பார்கள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினைப் பார்ப்பார்கள். காலுக்கு மட்டும் நேற்று எழுதியதே போதும் என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி மூன்று விதமாகத் தப்பாகலாம். அங்கே கிருமியே இல்லாமல் இருக்கலாம். கிருமி இருந்து, உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். அல்லது மேலே தோல் லேசாகச் சிவந்திருக்க, அடியில் தசையுறை, அதாவது தசையைப் போர்த்திய படலம், அழுகிக்கொண்டிருக்கலாம். முதல் தப்பில் சில நாள் மருந்து வீணாகும். கடைசித் தப்பில் கால் போகும், பல நேரம் ஆளே போய்விடுவார். இந்த மூன்றையும் முதலில் பிரித்துக் கொடுப்பது பார்க்கிறவரின் கையும், நோயாளி சொல்லும் வலியும்தான். ஸ்கேனும் லேபும் அதற்குப் பின்னால் வருகிறவை.

நல்ல வெளிச்சம் வேண்டும். இரண்டு கால்களையும் தொடை வரை திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தொடுவதற்கு முன் “எங்கே வலிக்குது, எந்த இடம் வரைக்கும் வலிக்குது?” என்று கேட்டு, நோயாளியின் விரலாலேயே எல்லையைக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் காட்டும் எல்லையும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் எல்லையும் ஒன்றா என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது பெரிய சாட்சியாகும். பிறகு குதிகால், விரலிடுக்கு, முழங்காலின் பின்புறம், இடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி, இடுப்பின் பின்பக்கம், மார்புக்கும் வயிற்றுக்கும் கீழே மடிப்புகள், வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட இடங்கள். கட்டுப் போட்டிருந்தால் அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். மாவுக்கட்டுக்கு உள்ளே வலி அதிகமாகிறது என்று ஒருவர் சொன்னால் கட்டை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கருத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பல் பூத்ததுபோல, அல்லது சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து மினுமினுப்பாகத் தெரியும். பாடப்புத்தகப் படங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தேடினால் தவறிவிடும். அதனால் புறங்கையை வைத்து, இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில் சூட்டை ஒப்பிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா, அல்லது மரக்கட்டை போல இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் ஆரஞ்சுத் தோல்போல் சிறு குழிகளோடு தடித்திருந்தால் வீக்கம் ஆழத்தில் இருக்கிறது. இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அடுத்தது கோடு போடுவது. தோல் மார்க்கரால் சிவப்பின் ஓரத்தைப் புள்ளிப் புள்ளியாகச் சுற்றி வரைந்து, பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். மணி எழுதாத கோடு அடுத்த ஷிஃப்ட்டுக்கு எதையும் சொல்லாது. வீக்கமும் வலியும் சிவப்பைத் தாண்டிப் போயிருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு கோடு. கெண்டைக்கால் சுற்றளவை முழங்காலுக்குக் கீழே 10 செ.மீ. தூரத்தில், இரண்டு கால்களிலும் டேப்பால் அளந்து குறித்துவைத்தால் ‘கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இந்தக் கோட்டைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண செல்லுலைட்டிஸில் சரியான மருந்து ஆரம்பித்த பிறகும் முதல் 24 முதல் 48 மணி நேரம் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டலாம். செத்த பாக்டீரியா உண்டாக்கும் அழற்சி அது. காய்ச்சல் இறங்குகிறது, வலி குறைகிறது, சாப்பிடக் கேட்கிறார் என்றால் கோடு தாண்டியதற்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை. மாறாக, கோடு போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிவப்போ வீக்கமோ விரலளவு தாண்டிவிட்டால் அது வேறு கதை. சந்தேகம் உள்ள கால் என்றால் மணிக்கு ஒருமுறை, சாதாரணக் கால் என்றால் ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம்.

கிருமியே இல்லாத சிவந்த கால்களை முதலில் ஒதுக்கிவிடலாம். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் சிவந்திருந்தால் அது செல்லுலைட்டிஸாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ரத்தம் தேங்கியதால் வரும் தோல் அழற்சி: நாள்பட்ட வீக்கம், கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு நிறம், செதில், அரிப்பு. சோதிப்பது சுலபம். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை 45 டிகிரி தூக்கி ஒன்றிரண்டு நிமிடம் பிடித்திருங்கள். தேக்கத்தால் வந்த சிவப்பு வடிந்து வெளுக்கும். செல்லுலைட்டிஸின் சிவப்பு அப்படியே நிற்கும். பிளாஸ்திரியோ மருந்துக் களிம்போ பட்ட இடத்தில் சதுரமாக, நேர்கோட்டு ஓரத்தோடு சிவந்து அரித்தால் அது ஒவ்வாமை. கிருமி ஸ்கேல் வைத்துப் பரவாது. ஒரு பக்கமாக மட்டும் பட்டைபோல எரிச்சலோடு சிறு கொப்புளங்கள் வந்தால் அக்கி. கட்டைவிரல் மூட்டு மட்டும் தொடவிடாமல் வலித்தால் கவுட் எனும் யூரிக் அமில மூட்டுவலி. கெண்டைக்கால் வீங்கி, தோல் பெரிதாக மாறாமல் இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்) எடுங்கள்.

கால் சிவப்புக்கு ஏஎல்டி-70 என்ற எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. ஒரு காலில் மட்டும் என்றால் 3, வயது 70 அல்லது அதற்கு மேல் என்றால் 2, வெள்ளையணு 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் 1, நாடித்துடிப்பு 90 அல்லது அதற்கு மேல் என்றால் 1. கூட்டினால் 5 அல்லது மேலே வந்தால் செல்லுலைட்டிஸ் என்றே நடத்தலாம். 2 அல்லது கீழே என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். 3, 4 என்று நடுவில் நின்றால் தோல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வார்டில் அதிகம் வீணாகும் ஆன்டிபயாட்டிக் இந்தத் தேக்கக் கால்களுக்குப் போவதுதான் என்பது நம் எண்ணம்.

உண்மையான செல்லுலைட்டிஸ் என்றால், சீழ் இல்லாத வகைக்குப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம். மேல்தோலோடு நிற்கும் எரிசிபெலஸில் ஓரம் மேடாக, கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக இருக்கும். ஆழமான செல்லுலைட்டிஸில் ஓரம் கலங்கியிருக்கும். முகத்தில் வந்தால் காது மடலைப் பாருங்கள். மடலில் ஆழக் கொழுப்புத் திசு கிடையாது என்பதால், மடலும் சேர்ந்து சிவந்திருந்தால் அது எரிசிபெலஸ். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: செஃபாசோலின் 1 கிராம், உடல் பருத்தவர்களுக்கு 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐ.வி.யாக. தெளிந்த பிறகு செஃபலெக்ஸின் 500 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாக. நன்றாகக் குறைந்துவந்தால் மொத்தம் ஐந்து நாள் போதும். நிறம் முழுக்க மறையும்வரை மருந்து கொடுப்பது பழைய பழக்கம். தோலின் கறுப்பும் செதிலும் போக வாரக்கணக்கில் ஆகும், அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் சிறுநீரகம் சரியாக வேலை செய்யும் பெரியவர்களுக்கு.

மருந்துக்குச் சமமான சிகிச்சை, காலைத் தூக்கிவைப்பது. சொல்வதுபோல் யாரும் செய்வதில்லை. ஒற்றைத் தலையணை வைத்துவிட்டுத் தலைப்பக்கத்தைக் கட்டிலோடு உயர்த்திவிட்டால், கால் இதயத்துக்குக் கீழேதான் இருக்கும். கட்டிலின் கால்பக்கத்தையே உயர்த்துங்கள். கால் இதயமட்டத்துக்கு மேலே வர வேண்டும். மூன்றாம் நாளும் குறையவில்லை என்று மருந்தை ஏற்றுவதற்கு முன், நோயாளி பகல் முழுக்க நாற்காலியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று நர்ஸிடம் கேளுங்கள். ரத்தநாளம் அடைத்த கால்களுக்கு மட்டும் இதில் விலக்கு. பாத நாடி கிடைக்காதவருக்குத் தூக்கிவைத்தால் ரத்தம் இன்னும் குறையும்.

கிழியாத தோலின் மேல் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) தேய்த்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவதில் பயனில்லை. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா வளரும், அதற்கு மருந்து எழுதப்படும். ரத்தக் கல்ச்சர் சாதாரண செல்லுலைட்டிஸில் அபூர்வமாகத்தான் வளரும். ஆனால் காய்ச்சலோடு பிபி சரிந்தவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், நீரில் காயம்பட்டவர், விலங்கு கடித்தவர் ஆகியோருக்கு முதல் டோஸுக்கு முன்பே இரண்டு செட், வெவ்வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். கல்ச்சருக்காக மருந்தை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம்.

சீழ் இருந்தால் கணக்கு மாறும். ஸ்டாஃபைலோகாக்கஸ் முன்னால் வரும், அதில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகையும் இருக்கலாம். தொட்டால் மெத்தென்று அமுங்குகிறதா என்று இரண்டு விரலால் பாருங்கள். சந்தேகமென்றால் அல்ட்ராசவுண்ட் வைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். சீழைத் திறந்துவிடுவதுதான் வைத்தியம், மருந்து துணை மட்டுமே. சின்னதாக ஒரு குத்துக் குத்தி மேலே வழிவதை மட்டும் துடைத்துவிட்டால், உள்ளே தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் தங்கியது திரும்பக் கட்டும். வெட்டு போதிய நீளத்தில் இருக்க வேண்டும். உள்ளே வளைந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் விட்டுத் தடுப்புகளை உடைக்க வேண்டும். ஸ்வாப்புக்குப் பதில் சீழையே சிரிஞ்சில் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவது மேல். மூன்றாம் நாள் குறையவில்லை என்று ஆன்டிபயாட்டிக்கை மூன்றாவது முறை மாற்றும் கேஸ்களில் கணிசமானவை, திறக்காமல் விட்ட சீழ்தான்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். நெக்ரோடைசிங் ஃபேஸியைட்டிஸ். முதலில் சொன்ன தசையுறை அழுகல்தான் இது; வில்சன் என்ற சர்ஜன் 1952இல் கொடுத்த பெயர். பத்திரிகைகள் சதை தின்னும் பாக்டீரியா என்று எழுதுகின்றன. தின்பதைவிட, அது ரத்தத்தை அறுக்கிறது என்பதே சரி. கிருமி தசையுறையை ஒட்டிப் படலமாகப் பரவும்போது அங்கே ஊடுருவி மேலே வரும் சின்ன ரத்தக்குழாய்கள் உறைந்து அடைபடுகின்றன. தோலுக்கு ரத்தம் அந்தக் குழாய்கள் வழியேதான் வருகிறது. ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் அடைபடாது. அதனால் அடியில் பரவியிருக்கும் அளவில் சிறு பங்குதான் மேலே தெரியும். தோல் கறுப்பதும் ரத்தக் கொப்புளம் வருவதும் கடைசிக் கட்டம். மருந்தும் ரத்தக்குழாய் வழியேதான் போக வேண்டும் என்பதால் ஆன்டிபயாட்டிக் அழுகிய இடத்துக்குப் போய்ச் சேராது. இந்த நோயில் கத்தி முதல், மருந்து இரண்டாவது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் நாளில் அது எப்படி இருக்கும்? இரவு பத்து மணிக்கு நர்ஸ் சொல்வார்: “சார், பத்தாம் பெட் ஐயா மறுபடியும் வலி ஊசி கேக்குறாரு. கால் பார்த்தா அவ்வளவா ஒண்ணும் இல்ல.” இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து வந்தால் எழுந்து போக வேண்டும். தெரிவது கொஞ்சம், வலி மிக அதிகம். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பாலும் அழுத்தினால் துடிக்கிறார். வீக்கம் இறுகிப்போய் மரம் போலிருக்கிறது. காய்ச்சல் சிறிதாக இருந்தாலும் நாடி 120, பிபி இறங்குமுகம், மூச்சு வேகம், லேசான குழப்பம். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே போதும். வலி ஊசியைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போவது ஒரு பழக்கமான தப்பு. மருந்துச் சீட்டில் வலி நிவாரணியின் அளவு ஏறுவதே ஒரு அறிகுறி. ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் டிக்ளோஃபெனாக் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் காய்ச்சலும் வலியும் மறைந்திருக்கும். நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவரிடம் வலியை வைத்து முடிவு செய்யவே முடியாது.

இன்னொரு பொறி: மறுநாள் காலை நோயாளி “இப்ப வலி இல்ல டாக்டர்” என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. ஊசி முனையால் லேசாகத் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சியே இல்லை. நரம்பும் செத்துவிட்டது. வலி குறைந்து, நாடி குறையாமல் இருந்தால் அது தேறுவதன் அடையாளம் கிடையாது. விரலால் அழுத்தும்போது தோலுக்கு அடியில் நறநறவென்று காற்றுக் குமிழி உடைவது தெரிந்தால் வாயு இருக்கிறது; அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையில் பெரும்பாலும் வாயுவே இருக்காது.

ரத்தப் பரிசோதனை எண்களை வைத்து இந்த நோயைச் சந்தேகிக்க உதவும் எல்ரினெக் மதிப்பெண் 2004இல் வந்தது. அழற்சியில் ஏறும் சிஆர்பி லிட்டருக்கு 150 மி.கி. அல்லது மேல் என்றால் 4. வெள்ளையணு 15,000 முதல் 25,000 வரை 1, அதற்கு மேல் 2. ஹீமோகுளோபின் 11 முதல் 13.5 வரை 1, 11க்குக் கீழே 2, சோடியம் 135க்குக் கீழே 2, கிரியேட்டினின் 1.6க்கு மேல் 2; சுகர் 180க்கு மேல் 1. ஆறு வந்தால் சந்தேகம், எட்டு வந்தால் பலத்த சந்தேகம். இதை ஒருபக்கமாக மட்டும் பயன்படுத்த வேண்டும். மதிப்பெண் கூடினால் வேகத்தைக் கூட்டுங்கள். குறைந்திருப்பதை வைத்து ‘இல்லை’ என்று படுத்துவிடாதீர்கள். நோய் இருந்தும் ஆறுக்குக் கீழே நிற்பவர்கள் நிறையப் பேர். சிடி எடுத்தால் தசையுறையில் நீர்க்கோடும் வாயுவும் தெரியலாம். எம்ஆர்ஐக்கு வரிசையில் நிற்கவைத்து மணிக்கணக்கில் இழப்பதுதான் கேஸ்கள் கெட்டுப்போகும் வழி.

சந்தேகம் தீராதபோது சர்ஜன் செய்வது விரல் சோதனை. அதிக வலியுள்ள இடத்தில் உள்ளூர் மயக்க மருந்து கொடுத்து 2 செ.மீ. வெட்டு, ஆழத் தசையுறை வரை. ஆரோக்கியமான திசு உடனே ரத்தம் சிந்தும். இங்கே சிந்தாது. பாத்திரம் கழுவிய தண்ணீர்போல மங்கலாக, மெல்லிய திரவம் கசியும்; கெட்டிச் சீழ் இருக்காது. தசையுறை பளபளப்பான வெள்ளையாக இராமல் சாம்பல் நிறமாக இருக்கும். சுட்டுவிரலை அந்தப் படலத்தில் விட்டுத் தள்ளினால், பொதுவாக ஒட்டிப்பிடித்து விரலைத் தடுக்கும் இடம், தடையே இல்லாமல் நெடுக விட்டுக்கொடுக்கும். அவ்வளவுதான், இனி தியேட்டர். ஒன்றும் இல்லை என்றால் இரண்டு தையல். அந்தச் சின்ன வெட்டுக்காக யாரும் வருந்தியதில்லை.

சர்ஜனுக்குப் போன் செய்யும்போது “செல்லுலைட்டிஸ் கேஸ் ஒண்ணு, நேரம் கிடைச்சா பாருங்க சார்” என்று சொன்னால் அவர் நாளைக் காலை வருவார். “நெக்ரோடைசிங் ஃபேஸியைட்டிஸ் சந்தேகம், ஒரு மணி நேரத்தில் 3 செ.மீ. பரவியிருக்கு, வலி சிவப்பைத் தாண்டிப் போயிருக்கு, நாடி 124, பிபி 90, லாக்டேட் 4, தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் தேவை” என்று நோயின் பெயரோடும் எண்களோடும் சொன்னால் இப்போதே கிளம்புவார். நல்ல சர்ஜன் யாரும் இப்படிக் கூப்பிட்டதற்காகக் கோபப்பட மாட்டார்.

அவர் வருவதற்குள் செய்ய வேண்டியவை: இரண்டு பெரிய ஐ.வி. லைன், ரத்தக் கல்ச்சர், லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறுவது), ரத்த வகை, யூரின் டியூப். பிபி சரிந்தோ லாக்டேட் ஏறியோ இருந்தால் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. உப்பு நீர், போதாவிட்டால் பிபியை ஏற்றும் நார்அட்ரினலின், சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் குறையாமல். முதல் டோஸ் மருந்து உடனே, மூன்றாகச் சேர்த்து. பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது மெரோபெனம் 1 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எம்ஆர்எஸ்ஏவுக்காக வேன்கோமைசின், கிலோவுக்கு 25 முதல் 30 மி.கி. முதல் டோஸ், இவற்றோடு கிளிண்டாமைசின் 900 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மூன்றாவதை வெட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அது கிருமியின் நச்சுப் புரத உற்பத்தியை நிறுத்துவதற்காக. பெனிசிலின் வகை, பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் நன்றாகக் கொல்லும். கூட்டம் நிரம்பிப் பெருக்கம் நின்றுபோன இடத்தில் அதன் கை தளரும். கிளிண்டாமைசின் அங்கேயும் வேலை செய்யும். கல்ச்சரில் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வந்தால் பெனிசிலினும் கிளிண்டாமைசினும் போதும், மற்றதை நிறுத்திவிடலாம்.

எங்கே காயம்பட்டது என்று கேட்க மறக்க வேண்டாம். கல்லீரல் சுருங்கிய ஒருவருக்குக் கடல்நீரில் காயம் பட்டோ, பச்சைச் சிப்பி சாப்பிட்டோ சில மணி நேரத்தில் ரத்தக் கொப்புளம் வந்தால் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற கடல்நீர்க் கிருமி நினைவுக்கு வர வேண்டும். டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதோடு செஃப்ட்ரியாக்ஸோன் அல்லது செஃப்டாஸிடிம். ஆறு, குளம் என்றால் ஏரோமோனாஸ்.

தியேட்டரில் செத்த திசு எல்லாம் போக வேண்டும், ரத்தம் சிந்தும் ஓரம் வரும்வரை. தோலைக் காப்பாற்றுகிறேன் என்று அடியில் அழுகலை விட்டுவைத்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு வெட்ட வேண்டிவரும். அழகு பிறகு, ஒட்டுத்தோல் பிறகு. சம்மதப் படிவத்திலேயே உறுப்பு நீக்கம் வரை போகலாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். நடு ஆபரேஷனில் வெளியே வந்து கேட்கும் நிலை இருவருக்கும் கொடுமை. 24 மணி நேரத்தில் மறுபடி தியேட்டருக்குக் கூட்டிப்போய்த் திறந்து பார்ப்பது கட்டாயம். நோயாளி நன்றாகத் தெரிகிறார் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. இனி வெட்ட எதுவும் இல்லை என்று ஆகும்வரை இது தொடரும். மருந்தை அதன் பிறகும், காய்ச்சல் விட்டு 48 முதல் 72 மணி நேரம் வரை தொடர்வார்கள்.

இதே நோய் பிறப்புறுப்புப் பகுதியில் வருவது ஃபூர்னியே கேங்க்ரீன். 1883இல் விவரிக்கப்பட்டது, இன்றும் தவறவிடப்படுவதற்குக் காரணம் கூச்சம். நோயாளி சொல்ல வெட்கப்படுவார், டாக்டர் பார்க்கத் தயங்குவார். சர்க்கரை நோயாளிக்குக் காரணம் தெரியாத காய்ச்சலும் உட்கார முடியாத வலியும் இருந்தால் திரையைப் போட்டுவிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் கூடுதல் கவனம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே இதைப் பற்றி எச்சரித்தது. உறுதியானால் அந்த மாத்திரையை நிறுத்துங்கள்.

ஆபரேஷன் புண் விஷயத்தில் நாள்கணக்கு உதவும். முதல் 48 மணி நேரக் காய்ச்சலுக்குப் புண் காரணமாவது அரிது. ஆனால் அப்படி அரிதாக வரும் இரண்டு கிருமிகளும் கொடியவை: ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம். எனவே முதல் நாள் காய்ச்சலானாலும் கட்டைத் திறந்து ஒருமுறை பாருங்கள். மெல்லிய நீர் கசிந்தால் அதைக் கிராம் ஸ்டெயினுக்கு (சாயமேற்றி நுண்ணோக்கியில் கிருமி பார்ப்பதற்கு) அனுப்புங்கள். நான்காம் நாளுக்குப் பிறகு சிவந்து சீழ் வைத்தால் தையலைப் பிரிப்பதே வைத்தியம். ஓரத்திலிருந்து சிவப்பு 5 செ.மீ.க்கு மேல் பரவியிருந்தால், காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நாடி 110ஐத் தாண்டினால், வெள்ளையணு 12,000ஐத் தாண்டினால் மருந்தும் சேரும்.

வென்ஃப்ளான் இடம் சிவந்து சிரை கயிறுபோல் தடித்திருந்தால் முதலில் வென்ஃப்ளானைக் கழற்றுங்கள், அந்தக் கையில் மறுபடி போடாதீர்கள். சிரையின் மேல் அழுத்தினால் துளை வழியே சீழ் வருகிறதா என்று பாருங்கள். ரத்தக் கல்ச்சரில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துவிட்டால் அதைத் தோலில் இருந்து வந்த அழுக்கு என்று தள்ளவே கூடாது: எக்கோ (இதய ஸ்கேன்), நெகட்டிவ் ஆகும்வரை மறு கல்ச்சர், குறைந்தது 14 நாள் ஐ.வி. மருந்து. சின்ன வென்ஃப்ளான் புண் இதயவால்வில் போய் முடிந்த கேஸ்கள் உண்டு.

படுக்கைப்புண்ணுக்கு எதிர்மாறான புத்திமதி. எல்லாப் படுக்கைப்புண்ணிலும் கிருமி இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. சுற்றிலும் சிவப்பு பரவினால், காய்ச்சலோ, தொற்றால் உறுப்புகள் தளரும் செப்ஸிஸோ இருந்தால், எலும்பு தட்டுப்பட்டால்தான். மழுங்கிய முனையுள்ள கம்பியை (ப்ரோப்) விட்டுப் புரையோடிய ஆழத்தை அளந்து பாருங்கள். செத்த கறுப்புத் திசுவை நீக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாமல், எந்த மருந்தும் அதை ஆற்றாது.

கீமோதெரபியால் வெள்ளையணு சரிந்தவரிடம் சிவப்பும் சீழும் உண்டாக ஆளே இல்லை. அவரிடம் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி, வலியில்லாமல், சில மணி நேரத்தில் ரத்தக் கொப்புளமாகி, 12 முதல் 24 மணி நேரத்தில் நடுவில் கறுப்புப் பொருக்கு வைத்தால் அது சூடோமோனாஸ் தரும் எக்தைமா கேங்க்ரினோசம். அக்குளும் மலவாய்ப் பகுதியும் பிடித்தமான இடங்கள். பயாப்ஸிக்குக் காத்திராமல் பைப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது மெரோபெனம் தொடங்குங்கள்.

மருந்து ஓடும்போது வரும் தொல்லைகள் சில. வேன்கோமைசினை 1 கிராமுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், அதை ஒவ்வாமை என்று எழுதி நல்ல மருந்தை ஆயுளுக்கும் இழந்துவிடுகிறார்கள். பைப்பராசிலினோடு சேரும்போது கிரியேட்டினினைத் தினமும் பாருங்கள். எம்ஆர்எஸ்ஏவுக்கான இன்னொரு மருந்தான லினெசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் சரியும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவரிடம் அதனால் செரோடோனின் நச்சு வரலாம். கிளிண்டாமைசினோடு தண்ணீர்போல் வயிற்றுப்போக்கு வந்தால் சி. டிஃபிசில் என்ற குடல் கிருமிக்கான பரிசோதனை. மருந்து ஆரம்பித்த பின் புதிதாகத் தோல் முழுக்கச் சிவந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தேய்த்தால் தோல் உரிந்தால் அது கிருமி பரவியதாக இருக்காது. மருந்தே காரணம், நிறுத்துங்கள்.

கடைசியாக டிஸ்சார்ஜ். கால் குறைந்துவிட்டது, மாத்திரை எழுதியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறார். ஒருமுறை விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள், குறிப்பாக நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே. வெளுத்து ஊறிப்போன சேற்றுப்புண் இருக்கும். கிருமி உள்ளே வந்த வாசல் அதுதான். டெர்பினாஃபின் அல்லது க்ளோட்ரிமசோல் களிம்பும், குளித்தபின் இடுக்கைத் துடைத்து உலர்த்தச் சொல்வதும் ஒரு நிமிட வேலை. நாள்பட்ட வீக்கம் உள்ளவருக்குக் கடுமை தணிந்த பிறகு அழுத்தக் காலுறை. வருடத்தில் மூன்று நான்கு முறை திரும்பி வருபவருக்குப் பெனிசிலின் வி 250 மி.கி. தினம் இருவேளை, நீண்ட நாள். அதை நிறுத்தினால் சிலருக்குத் திரும்ப வரும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பேனாவால் போட்ட கோட்டை அழிக்க வேண்டாம், மறுநாள் வீட்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும். சிவப்பு அதைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், அல்லது வலி திடீரென்று கூடினால் அன்றே திரும்பி வரச் சொல்லுங்கள்.